தையல் பிரித்த பிறகு

தமிழ்நாட்டில் மூளை நரம்பு அறுவை சிகிச்சையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் 1949இலோ 1950இலோ தொடங்குவது வழக்கம். கனடாவின் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தத் துறையைத் தொடங்கியது 1949. சீர்காழியில் பிறந்த டாக்டர் பி. ராமமூர்த்தி இங்கிலாந்தின் நியூகாசிலில் பயிற்சி முடித்து வந்து, சென்னை அரசு பொது மருத்துவமனையில் அதே துறையைத் தொடங்கியது 1950. மறு ஆண்டே இருவரும் டாக்டர் எஸ்.டி. நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோருடன் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை உருவாக்கினார்கள். இந்தத் தொடக்கத்தில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இது அறுவை அரங்கின் வரலாறு மட்டும்தான். முக நரம்பு நோய்க்காகத் தலையைத் திறந்து சிகிச்சை பெற்ற ஒருவர், தையல் பிரித்த பிறகு கண்ணை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது, வாயை எப்படிப் பழக்குவது, ஊர் திரும்பி வேலையில் எப்படி அமர்வது என்ற அறிவுக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. அது நம் பக்கத்தில் அறுவை அரங்குக்கு முன்பே, வேறு நோயாளிகளிடம், செங்கல்பட்டுக்கும் வேலூருக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் திரண்டது. அதை விட்டுவிட்டு எழுதினால் பாதிக் கதைதான் கிடைக்கும் என்பது என் வாதம்.

முதலில் நோயைப் பார்த்துவிடலாம். முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் முக்கியமான நரம்புகள் இரண்டு. மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பு நெற்றி, கன்னம், தாடை என மூன்று கிளையாகப் பிரிந்து உணர்வைக் கொண்டுபோகிறது. மெல்லும் தசைகளையும் அதுதான் இயக்குகிறது. ஏழாம் நரம்பு சிரிப்பு, இமை மூடல், உதட்டைக் குவித்தல் போன்ற அசைவுகளுக்கு உரியது. ஐந்தாம் நரம்பு கெட்டால் வருவது மின்சாரம் பாய்ந்தாற்போன்ற வலி. முகம் கழுவினாலும் காற்று பட்டாலும் ஒரு வாய் சோறு மென்றாலும் நொடியில் வெட்டும். அடுத்த வெட்டு எப்போது என்ற பயத்திலேயே பலர் சாப்பிடுவதையும் பேசுவதையும் குறைத்துவிடுவார்கள். பல்வலி என்று நினைத்து நல்ல பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஏழாம் நரம்பு கெட்டால் பாதி முகம் தானாகத் துடிக்கும், கண் இழுத்து மூடிக்கொள்ளும். வலி இல்லை, ஆனால் எதிரே இருப்பவர் கண்ணடிப்பதாக நினைத்துவிடுவார். வெளியே தலை காட்டக் கூசி வீட்டோடு முடங்கியவர்கள் பலர்.

இந்த இரண்டு நரம்புகளையும் பிரித்தறியாத காலம் ஒன்று இருந்தது. 1756இல் பிரெஞ்சு மருத்துவர் நிக்கொலா ஆந்த்ரே இந்த வலியைத் தனி நோயாக விவரித்துப் பெயரிட்டார்; 1773இல் லண்டனில் ஜான் ஃபாதர்கில் இன்னும் தெளிவாக எழுதினார். வலி முகத்தில்தானே என்று அறுவை மருத்துவர்கள் முகத்தில் தெரிந்த நரம்பை வெட்டினார்கள். அவர்கள் வெட்டியது பெரும்பாலும் அசைவுக்கான ஏழாம் நரம்பு. வலி அப்படியே இருந்தது. வாய் மட்டும் கோணிப்போனது. 1820களில் சார்லஸ் பெல் இரு நரம்புகளின் வேலையையும் பிரித்துக் காட்டிய பிறகுதான் அந்தக் கொடுமை நின்றது. 1890களில் ஹார்ட்லியும் கிராவுசேவும் மண்டையோட்டைத் திறந்து ஐந்தாம் நரம்பின் முடிச்சை நேரடியாக அணுகினார்கள். 1901இல் பிலடெல்பியாவில் ஸ்பில்லரும் ஃப்ரேசியரும் முடிச்சுக்குப் பின்னால் வேரை வெட்டும் முறையைக் கொண்டுவந்தார்கள். வலி போனது. ஆனால் கன்னத்தோடு கருவிழியும் மரத்துப்போனது. தூசி விழுந்தாலும் உறுத்தாத கண் தன்னைக் காத்துக்கொள்ளாது. புண்ணாகும், பார்வை போகும். அதனால்தான் ஃப்ரேசியர் பின்னாளில் வேரை முழுதாக வெட்டாமல், கண்ணுக்குப் போகும் இழைகளை மிச்சம் வைக்கப் பழகினார். இந்தத் துறையின் ஒவ்வொரு முன்னேற்றமும் முந்தைய அறுவைக்குப் பின் நோயாளி பட்ட பாட்டிலிருந்து பிறந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

இன்று செய்யப்படும் முறைக்கு அடிப்படை வேறு. 1934இல் வால்டர் டேண்டி, பின்பக்கமாகத் திறந்து பார்த்தபோது பல நோயாளிகளுக்கு ஒரு ரத்தக்குழாய் ஐந்தாம் நரம்பின் வேரில் இடித்துக்கொண்டிருப்பதைக் குறித்துவைத்தார். 1960களில் பீட்டர் ஜனெட்டா நுண்ணோக்கியின் துணையோடு அதையே உறுதி செய்து, நரம்பை வெட்டாமல் குழாயை மட்டும் விலக்கிவைக்கும் சிகிச்சையை வளர்த்தெடுத்தார். மின்கம்பியின் மேலுறை தேய்ந்து பொறி பறப்பதுபோல, துடிக்கும் குழாய் இடைவிடாமல் இடித்து நரம்பின் உறை தேய்கிறது என்பதே விளக்கம். காதுக்குப் பின்னால் ஒரு நாணயம் அளவுக்கு எலும்பைத் திறந்து, சிறுமூளையை மெல்ல ஒதுக்கி, குழாய்க்கும் நரம்புக்கும் நடுவே டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். பாதி முகம் துடிக்கும் நோய்க்கும் ஏழாம் நரம்பின் வேரில் இதே வேலைதான். 1996இல் ஜனெட்டாவின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்ட வலி நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டது. பத்து ஆண்டு கழித்தும் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் மாத்திரை இல்லாமல் வலியின்றி இருந்தார்கள். மாத்திரை என்றால் பெரும்பாலும் கார்பமாசெபின். 1962 முதல் இந்த வலிக்குப் பயன்படுகிறது, இன்றும் முதல் மருந்து அதுதான்.

அந்த 70 சதவீதத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்வது சுலபம். அறுவை மேசையிலிருந்து இறங்கியவரின் அடுத்த சில மாதங்கள்தான் நான் சொல்ல வரும் வரலாற்றின் களம். முதல் நாட்களில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல். சிலருக்கு மூக்கு வழியாகத் தெளிந்த நீர் வடியும். சளி என்று துடைத்துவிட்டு இருந்துவிட்டால் ஆபத்து, மூளைநீர்க் கசிவாக இருக்கலாம். ஏழாம் நரம்புக்குப் பக்கத்திலேயே கேட்கும் நரம்பு ஓடுவதால் சிலருக்கு அந்தப் பக்கக் காது மந்தமாகும். துடிப்பு நோய்க்காரர்களில் சிலருக்குத் துடிப்பு அன்றே நிற்கும், சிலருக்கு மாதக்கணக்கில் மெல்ல அடங்கும். ஓராண்டு பொறுத்தே பலன் கிடைத்ததா என்று மருத்துவர்கள் முடிவு சொல்கிறார்கள். நன்றாக வீடு திரும்பியவருக்குச் சில நாள் கழித்து முகம் ஒரு பக்கம் தளர்வதும் உண்டு. பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதுவரை இமை மூடாத கண்ணை யாராவது காக்க வேண்டும். கார்பமாசெபினை வலி போயிற்று என்று ஒரே நாளில் நிறுத்தக்கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். இவற்றில் ஒன்றுகூட அறுவை மருத்துவரின் கை வேலை இல்லை. செவிலியர், இயன்முறை மருத்துவர், வீட்டார், நோயாளி ஆகிய நால்வரின் வேலை.

இமை மூடாத கண்ணையும் மரத்துப்போன கன்னத்தையும் நம் பக்கம் முதன்முதலில் பெரிய அளவில் கவனித்துப் பழகியது எங்கே? தொழுநோய் மருத்துவமனைகளில். பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் அந்த நோய் மிகுதியாக இருந்தது. தொழுநோய்க் கிருமி தாக்கும் நரம்புகளில் இந்த இரண்டுமே அடக்கம்: ஏழாம் நரம்பின் கிளை கெட்டு இமை மூடாமல் போகும், ஐந்தாம் நரம்பு கெட்டுக் கருவிழி மரத்துவிடும். செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ராபர்ட் காக்ரேன், 1940களில் வேலூர்க் கல்லூரியின் பொறுப்பையும் ஏற்றார். கொல்லிமலையில் பிறந்து லண்டனில் படித்து 1946இல் வேலூர் வந்த எலும்பு அறுவை மருத்துவர் பால் பிராண்டைத் திருமணிக்கு அழைத்துப்போய்க் காட்டியவர் அவர்தான். மடங்கிப்போன விரல்களைப் பார்த்த பிராண்ட், வேறு நோய்களில் செயலிழந்த கைகளுக்குச் செய்யும் தசை மாற்று அறுவையை இவர்களுக்கு ஏன் செய்யக்கூடாது என்று கேட்டு, 1948 வாக்கில் தொடங்கினார். 1955இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆய்வு மையம் எழுந்தது.

முகத்துக்கும் அங்கே வேலை நடந்தது. பிராண்டின் மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் தொழுநோயாளிகளின் கண்களைக் காப்பதில் உலகம் ஒப்புக்கொண்ட நிபுணர் ஆனார். இமை மூடாதவர்களுக்குச் செய்யப்பட்ட ஓர் அறுவையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பொட்டுத் தசை என்பது நெற்றிப்பொட்டில் இருக்கும் மெல்லும் தசை; அதிலிருந்து ஒரு கீற்றைப் பிரித்து, இமைகளின் ஓரமாகக் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். மெல்லும் தசைக்கு நரம்பு ஐந்தாவது. ஏழாவது கெட்டாலும் அது வேலை செய்யும். இனி அவர் கண் மூட வேண்டுமானால் பல்லைக் கடிக்க வேண்டும். கடித்தால் இமை மூடும், தளர்த்தினால் திறக்கும். அறுவை ஒரு மணி நேரச் சங்கதி. ஆனால் தூசி வரும்போதெல்லாம், பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில், யோசிக்காமல் பல்லைக் கடித்து இமைக்கப் பழகுவதற்கு வாரக்கணக்கில் கண்ணாடி முன் பயிற்சி வேண்டும். பயிற்சி தவறினால் தசை இருந்தும் கண் திறந்தே கிடக்கும். இந்த ஒரு சிகிச்சையிலேயே கத்தியின் பங்கு எவ்வளவு, பிறகு வரும் பழக்கத்தின் பங்கு எவ்வளவு என்று கண்கூடாகத் தெரிகிறது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே எழும். தொழுநோய் ஒரு தொற்று, நரம்பை இடிக்கும் ரத்தக்குழாய் வேறு விவகாரம், இரண்டையும் ஒன்றாக்கலாமா? காரணத்தில் இரண்டும் வேறுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தேறுதல் என்பது காரணத்தைப் பார்ப்பதில்லை. வேர் வெட்டப்பட்டதால் மரத்த கருவிழிக்கும் கிருமியால் மரத்த கருவிழிக்கும் வேண்டியவை ஒன்றே: நாளுக்குப் பலமுறை சொட்டு மருந்து, இரவில் இமையை ஒட்டிவைத்தல், தினமும் கண்ணாடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்த்தல். வலி இல்லாத உறுப்பைக் கண்ணால் பார்த்துத்தான் காக்க வேண்டும் என்ற பாடத்தைப் பிராண்ட் தம் நோயாளிகளிடம் கற்றார். புண்ணான விரல்கள் கிருமியால் அழிவதைவிட, வலி தெரியாமல் காயப்பட்டுக் காயப்பட்டே தேய்கின்றன என்று காட்டியது அவருடைய பெரிய பங்களிப்பு. முகவலிக்காக நரம்பை மரக்கச் செய்துகொண்டவர் அதே நிலைக்குத் தன் கன்னத்தளவில் வந்துசேர்கிறார். சூடான காபி உதட்டைச் சுடுவதோ, மெல்லும்போது கன்னம் பல்லில் அகப்படுவதோ அவருக்குத் தெரியாது. இன்னொரு மறுப்பும் நியாயமானது: சாண்டியின் வார்டு பிராண்டின் வார்டிலிருந்து இதைக் கற்றது என்று சொல்ல என்ன ஆதாரம்? நேரடிக் கடன் என்று நான் சொல்லவில்லை. ஒரே நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இரண்டும் சேர்ந்து நடந்தன. 1946இலேயே செவிலியருக்குப் பட்டப்படிப்பு தொடங்கிய நிறுவனம் அது. அறுவைக்குப் பின்னான காலத்தை ஒரு துறையாக எண்ணும் மனம் அங்கே உருவாகியிருந்தது என்பதற்கு இதுவே போதும்.

அந்த மனம் எங்கே உருவானது என்று பின்னோக்கிப் போனால் திண்டிவனம் வருகிறது. வேலூர்க் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். 1890களின் தொடக்கத்தில், நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்காக அமெரிக்காவிலிருந்து திரும்பித் திண்டிவனத்தில் தங்கியிருந்தார். அங்கே ஒரே இரவில் மூன்று கணவர்கள், பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியரைப் பார்க்க அவரை அழைத்தார்கள். அவர் மருத்துவர் இல்லை. மருத்துவரான தந்தை ஜான் ஸ்கடர் வீட்டிலேயே இருந்தார். ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்று மறுத்துவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா சென்று 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வேலூரில் பணியைத் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகளுடன் ஷெல் மருத்துவமனை திறந்தது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி.

இந்தக் கதையை மிஷன் வட்டாரங்கள் நன்கொடை திரட்டுவதற்காகத் திரும்பத் திரும்பச் சொன்னவைதான். அதனால் இதை வரலாற்றுச் சான்றாக எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது சரி. மதமாற்ற நோக்கம் கொண்ட அமைப்பின் நூல்களை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். அந்த இரவை நாம் ஐடாவின் வாய்மொழி வழியாகத்தான் அறிகிறோம். ஆனால் அவர் பிற்பாடு செய்ததை எடைபோட வாய்மொழி தேவையில்லை. மருத்துவமனை கட்டியதோடு நில்லாமல், 1909இல் ஒரு பெஜோ காரை வரவழைத்து, வேலூரிலிருந்து குடியாத்தம் வரை வாரந்தோறும் போனார். இன்ன மரத்தடியில் இன்ன கிழமை வண்டி நிற்கும் என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதே ஆட்கள் அடுத்த வாரமும் வந்து கட்டு மாற்றிக்கொண்டு, மருந்து வாங்கிப் போனார்கள். திண்டிவனத்தில் மருத்துவர் இல்லாமல் அந்தப் பெண்கள் சாகவில்லை. மருத்துவருக்கும் வீட்டுக்கும் நடுவே ஆள் இல்லாமல் செத்தார்கள். அதைப் புரிந்துகொண்டவர் செய்யக்கூடிய வேலையைத்தான் ஐடா சாலையோரத்தில் செய்தார். கதை மிகைப்பட்டிருந்தாலும் சாலையோர மருத்துவம் மிகையல்ல.

பிராண்டின் பணியிலும் இதே திருப்பம் வந்தது. கை சரியானவர்கள் ஊருக்குப் போய் வேலை கேட்டால் யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிச்சை எடுத்துப் பிழைத்தவர்களுக்கோ கை நேரானதால் கிடைத்த காசும் குறைந்தது. 1951இல் அவர் வேலூரில் நவஜீவ நிலையம் என்ற சிறு குடியிருப்பைத் தொடங்கியது இதனால்தான். குடிசைகளும் பட்டறையுமாக, ஒரு கிராமத்தைப் போலவே அமைத்தார். போய்ச் சேரப்போகும் வாழ்க்கைக்கு அங்கேயே பழக வேண்டும் என்பது எண்ணம். அதே கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954இல் நடந்த வாகன விபத்தில் முகத்தில் பலத்த காயமும் இடுப்புக்குக் கீழே செயலின்மையும் ஏற்பட்ட பிறகு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையைத் தொடங்கினார். 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு மையம் திறந்தது. அறுவை மருத்துவர் ஒருவரே நோயாளியாகவும் இருந்து, தேறுதலைத் தன் தொழிலாக எடுத்துக்கொண்டது நம் மருத்துவ வரலாற்றில் மிகப் பெரிய நிகழ்வு என்றே நினைக்கிறேன். பாடநூல்களில் அவருக்கு இன்னும் இடம் வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, மருத்துவர்களிடமிருந்தே வருவது. இன்றைய நுண்ணறுவைக்குப் பிறகு பெரும்பாலோர் ஒரு வாரத்துக்குள் வீடு திரும்பிவிடுகிறார்கள்; சிக்கல் வருவது சிலருக்குத்தான்; தொழுநோய்க் காலத்து ஏற்பாடுகளை இதற்கு ஒப்பிடுவது மிகை என்பார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் அது உண்மை. ஆனால் மருத்துவமனை வாசம் குறையக் குறைய, தேறும் காலத்தின் பெரும்பகுதி வீட்டுக்கு இடம் மாறுகிறது. அந்தக் காலம் குறைந்துவிடவில்லை, பார்ப்பார் இல்லாத இடத்துக்குப் போய்விட்டது. திண்டிவனத்துக்காரர் ஒருவருக்கு அறுவை அரங்கு இன்று அவ்வளவு தொலைவில் இல்லை. புதுச்சேரி சாலையில் கோரிமேட்டில் ஜிப்மர், திருச்சி சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி, ரயிலேறினால் சென்னை. விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் ரயில் பாதை 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள்ளேயே போடப்பட்டது. தலைமுறை தலைமுறையாக இந்தப் பக்கத்து நோயாளிகளை வேலூருக்குக் கொண்டுசேர்த்த பாதை அது. 2009இல் தொடங்கி 2012இல் விரிவான அரசு மருத்துவக் காப்பீடு, ஏழைக்கும் பெரிய அறுவையின் செலவைத் தாங்குகிறது. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் அந்த ஏற்பாடுகள் எல்லாம் மேசை வரைக்கும் ஆளைக் கொண்டுபோகக் கட்டப்பட்டவை. செஞ்சி பக்கத்திலோ மரக்காணம் பக்கத்திலோ ஒரு கிராமத்துக்குத் திரும்பியவர், கண் சிவந்தால் யாரிடம் காட்டுவது, மூக்கில் நீர் வடிந்தால் எத்தனை மணி நேரத்தில் கிளம்ப வேண்டும் என்று கேட்க ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு வேண்டிய சட்டகம் இப்போது ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் செவிலியரும் வீடு தேடிப் போகிறார்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பக்கவாதக்காரர்களுக்கான பயிற்சியும் அதில் முன்னே நிற்பது இயல்பு. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். முக நரம்பு அறுவை செய்துகொண்டவர் ஒரு வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார். அதனாலேயே அவரைக் கணக்கில் சேர்ப்பது கடினமல்ல. டிஸ்சார்ஜ் சீட்டின் ஒரு படி அவருடைய ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். கார்பமாசெபினை எந்தத் தேதியில் எவ்வளவு குறைப்பது, எந்தக் கண்ணுக்கு எத்தனை சொட்டு, இரவில் இமையை எப்படி ஒட்டுவது, கண்ணாடி முன் எந்தப் பயிற்சி எத்தனை முறை, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே 108ஐ அழைப்பது என்பவை அதில் தமிழில் இருக்க வேண்டும். ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஓராண்டு முடிவு என மூன்று முறையாவது வீட்டுக்குப் போய் முகத்தைப் பார்த்து, கேட்கும் திறனையும் சோதித்து, அறுவை செய்த மருத்துவமனைக்கு எழுதி அனுப்ப வேண்டும். குடியாத்தம் சாலையில் கிழமை தவறாமல் வந்து நின்ற வண்டி 1909இல் செய்த வேலையைவிட இது பெரியதில்லை; ஆள்பலமும் பணமும் இன்று அன்றைவிட எத்தனையோ மடங்கு.